பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட உங்கள் அக்கா

ரவுண்ட் ராக், டெக்சாஸ்
செப்டம்பர் 14

அன்புள்ள மாப்பிள்ளை ஜெயபிரகாஷ் அவர்களுக்கு,

அத்தான் மாரிசாமி எழுதிக்கொண்டது. நீங்களும் தங்கச்சி சாரதாவும் சுகமென நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் வராத கோபம் ஆறு வருடமாக அப்படியே இருக்கிறது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கிளம்பினால் விண்ணப்பமே செத்துப்போகும் என்று வக்கீல் சொன்னதை நானும் பத்து முறை சொல்லியாயிற்று. அது போகட்டும்.

இங்கே ஒரு பொது டிவி நிலையம் உண்டு. ஜனங்கள் தரும் நன்கொடையில் நடப்பது, ஆன்டெனா வைத்த எவரும் சும்மா பார்க்கலாம். ஆகஸ்டில் அங்கிருந்து தோட்ட நிகழ்ச்சிக்காக இரண்டு பேர் கேமராவோடு வந்து நம் கொல்லைச் சுரைப்பந்தலைப் படம் பிடித்தார்கள். நூற்றைந்து டிகிரி வெயிலில் இது எப்படிக் காய்க்கிறது என்று கேட்டார்கள். உங்கள் அக்கா மரகதம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் கேமராவைப் பார்த்துத் தமிழில், "இது என் தம்பி கொடுத்துவிட்ட விதை. அவன் என்னோட பேசறதில்ல" என்றாள். அவர்கள் அதையும் வெட்டாமல் போட்டார்கள். ஏதோ வாழ்த்து என்று நினைத்திருப்பார்கள்.

அதை உங்களுக்கு அனுப்பத்தான் ரெக்கார்ட் பண்ற பெட்டி ஒண்ணு வாங்கினேன். ஒளிபரப்பு அன்னைக்குக் கண்ணாடி மாதிரி படம், மரகதம் சேலை ஜரிகை வரைக்கும் தெரியுது, பெட்டியும் சிவப்பு விளக்கு காட்டிப் பதிவு பண்ணுச்சு. மறுநாள் பென் டிரைவ்ல எடுக்கப் போனா, இந்த நிகழ்ச்சி பாதுகாக்கப்பட்டது, நகல் எடுக்க அனுமதி இல்லைன்னு வருது. எங்கிட்ட இருந்து எம் பொண்டாட்டியைப் பாதுகாக்குறானாம். சரி, டிவியில ஓடவிட்டு போன்ல படம் பிடிப்போம்னு எங்க பையன் சபரி சொன்னான், பதினெட்டு வருஷமா கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கிறவன். அன்னைக்குப் புயல்ல இன்டர்நெட் போச்சு. பெட்டி இன்டர்நெட்ல யார்கிட்டயோ அனுமதி கேட்டாத்தான் ஓடுமாம். காத்துல சும்மா வந்ததைப் பார்க்க அனுமதி. அஞ்சு நாள் கழிச்சு இன்டர்நெட் வந்தப்ப, கெடு முடிஞ்சுதுன்னு பெட்டியே அதை அழிச்சிருச்சு.

நிலையத்துக்கு போன் பண்ணினேன். ஒரு அம்மா ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. திருட்டு நகல் போடாம இருக்கத்தான் பூட்டு, சினிமா கொடுக்கிறவங்க கேக்கறாங்க, எல்லாத்துக்கும் ஒரே பூட்டுதான் போட முடியும்னாங்க. சுரைக்காயை யாரும்மா திருடுவான்னு கேட்டேன். வருத்தம் தெரிவிச்சாங்க, ஆறுதலுக்கு ஒரு துணிப்பை அனுப்புறோம்னாங்க. வந்துச்சு. "எல்லோருக்குமான தொலைக்காட்சி"ன்னு அதுல அச்சடிச்சிருக்கான். தினம் சாயங்காலம், ஒருவேளை மறுபடி போடுவானோன்னு மரகதம் டிவி முன்னாடி உக்காந்திருக்கா.

அவள் சொன்னதை என் கையால் எழுதிவிட்டேன். படம்தான் இல்லை. சாரதாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. உங்களுக்கும்தான், வேண்டாமென்றாலும்.

இப்படிக்கு,
அத்தான் மாரிசாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் எங்கள் மருமகள் ரோஷினி போனைக் கொண்டுவந்து காட்டினாள். அந்த நிகழ்ச்சியை நிலையமே முழுசாக யூடியூபில் போட்டு மூன்று வாரம் ஆகிறதாம். பூட்டு ஒன்றும் இல்லை. கீழே ஒரே ஒரு கருத்து, தமிழில், உங்கள் பெயரில், இரண்டு வாரத்துக்கு முன்னால்: "அக்கா இளைச்சுப் போயிட்டா." மரகதத்திடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். "பாத்துட்டு ஒரு போன் பண்ண முடியலையா அவனுக்கு?" என்றாள். இனி இந்தக் கடிதம் எதற்கு, கிழித்துவிடவா என்று கேட்டேன்.

"போடுங்க. அவனும் படிச்சு அழட்டும்" என்றாள்.