வந்தவர் வாங்கிய கையெழுத்து

அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டருகே தொங்கிய தாளில் கையெழுத்துப் போடுவதா, பார்க்காத மாதிரி நழுவிவிடுவதா என்று பஸ் டிரைவர் மூன்று நாளாகத் தவித்தார். தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தை, வெளிநாட்டிலிருந்து பிழைக்க வருகிறவர்களுக்கு விடுதியாக்கக் கூடாது என்று மனு. எழுதியவர் கீழ்வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி. அவர் பேரைத் தவிர அதில் வேறு பேரில்லை.

டிரைவரும் அப்படிப் பிழைக்க வந்தவர்தான். வந்து பன்னிரண்டு வருஷமாகிறது.

"போடலேன்னா, தன் ஆளுங்களுக்குப் பரிஞ்சுக்கறான்னு பேசுவாங்கப்பா" என்று டிப்போவில் கூட்டாளியிடம் புலம்பினார்.

"யாரு பேசுனாங்க?"

"பேசுவாங்கய்யா!"

போட்டார். அப்படியும் தாளில் இரண்டே பேர். ஒப்புக்குப் போட்டான் என்று நினைத்துவிட்டால்? மனைவி ஆஸ்பத்திரி வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, தாளைக் கழற்றிக்கொண்டு யூனிஃபார்மோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"வர்றவங்களுக்கும் ஒரு அளவு வேணாமாங்க? இதுக்கு மேல தாங்காது!"

பேசப் பேச அது அவருக்கே நிஜமாகப் பட்டது, பாவம். பதினான்கு கையெழுத்து சேர்ந்தது. அதிகாரி கைகுலுக்கினார். மனு நகராட்சிக்குப் போயிற்று.

மறுவாரம் மனைவி கடிதமும் கையுமாக ஓடிவந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை.

"என்னங்க, என் தம்பிக்கு இங்க வர அனுமதி வந்துடுச்சு! ரெண்டு வருஷத் தவம்! நம்ம ஒத்த ரூம்ல சேத்துக்கக் கூடாதாம். நம்ம தெரு பள்ளிக்கூடத்துல விடுதி வருதாமே, அங்கயே இடம் ஒதுக்கியிருக்காங்க!"

டிரைவர் செருப்பை மாட்டினார்.

நகராட்சிக்கு ஓடினார். தன் பேரை மட்டுமாவது அடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்.

"ஒரு பேர அடிச்சு என்ன சார் ஆகப்போகுது?" என்றார் குமாஸ்தா. "எல்லாரும் வாபஸ்னு எழுதிக் குடுக்கணும். நாளைக்குள்ள. இல்லேன்னா விடுதி ரத்து."

விடுதி ரத்தானால் மச்சினன் அனுமதியும் ரத்து. மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

மறுபடி படியேறினார். முதல் கதவைத் திறந்தவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த டீச்சரம்மா. டிரைவர் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் கொட்டினார்.

"உங்களுக்கெல்லாம் அந்த விடுதி பிடிக்கலேன்னு தெரியும்மா. இருந்தாலும் என் மச்சினனுக்காக..."

டீச்சரம்மா திருதிருவென்று விழித்தார்.

"எங்களுக்கு என்னங்க வந்துச்சு? நாங்க யாருமே போடறதா இல்ல. அங்கேருந்து வந்தவரே வேணாம்னு வாசல்ல வந்து நிக்கறாரே, அவங்களைப் பத்தி ஏதோ தெரிஞ்சுதான் சொல்றாருன்னு போட்டோம்."