பிரிக்பீல்ட்ஸ் மேயரின் நடைதூரத் திட்டம்

தேர்தலே நடக்காத ஒரு பதவிக்குப் பதின்மூன்று வருடமாக விடாமல் பிரச்சாரம் செய்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய தேர்தல் அறிக்கையை டைப் செய்து கொடுத்த பாவத்தைச் செய்தவளே நான்தான்.

கோலாலம்பூர் மேயரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. மேலே இருப்பவர்கள் பார்த்து நியமிப்பார்கள். இது ஊருக்கே தெரியும், எங்கள் மேயருக்கும் தெரியும். எங்கள் மேயர் என்று நான் சொல்வது, நகருக்குள் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நாங்கள் எல்லோரும் 'மேயர்' என்று கூப்பிடும் அந்த மனிதரை. அடையாள அட்டையில் அவருக்கு வேறொரு பெயர் கட்டாயம் இருக்கும். அதை வைத்து அவரைக் கூப்பிட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

"அண்ணே, ஓட்டே கெடையாதே, எதுக்கு இந்த அலைச்சல்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ஓட்டு வர்ற அன்னிக்கு எல்லாவனும் திட்டத்தத் தேடி ஓடுவான் தங்கச்சி. நான் ரெடியா இருப்பேன் லா."

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் வேலை பார்த்தேன். நகல் எடுப்பது, டைப் அடிப்பது, அரசாங்கப் பாரங்களை நிரப்பிக் கொடுப்பது, சான்றிதழ்களுக்கு லேமினேட் போடுவது எல்லாம் நான் ஒருத்திதான். வீடு கிள்ளானில். கணவர் இறந்த பிறகு நானும் மகளும் மட்டும். அந்தக் கடையை நம்பித்தான் வாடகையும் மகளின் படிப்பும் ஓடின. தினமும் விடியுமுன் கிளம்பி, கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே வருவேன். சாயங்காலம் அதே மாதிரி நின்றுகொண்டே போவேன்.

மேயர் முன்பு டிரெய்லர் லோரி ஓட்டியவர். வீடு பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், வேலை போர்ட் கிள்ளான் துறைமுகத்தில், கன்டெய்னர் இழுப்பது. கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்து போனதும் வேலையை விட்டார். விட்ட மறுமாதமே மேயர் தேர்தலில் குதித்துவிட்டார். சனிக்கிழமை காலையில் எங்கள் கடைக்கு முன்னால் ஒரு மடக்கு மேசையைப் போடுவார். பெரிய அதிகாரிகள் விழாவுக்குப் போடுகிற மாதிரி பூப்போட்ட முழுக்கை பாத்தேக் சட்டை, காலில் ஜப்பான் சிலிப்பர். மேசை மேல் திட்டத்தின் நகல்கள், அவை பறக்காமல் இருக்க லோரிச் சக்கரத்து நட்டு ஒன்று. அவ்வளவுதான் கட்சி ஆபீஸ்.

திட்டத்தின் பெயர் 'உள்ளூர் வேலைவாய்ப்பும் பொருளாதார வளர்ச்சியும்'. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உள்ளே ஒரே ஒரு விஷயம்தான். காலையில் கிள்ளானிலிருந்து ஒரு கூட்டம் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்கு வருகிறது. அதே நேரத்தில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு கூட்டம் கிள்ளானுக்கு வேலைக்குப் போகிறது.

"ரெண்டு ரயிலும் நடுவழியில ஒண்ண ஒண்ணு பாத்துக்குது. உள்ள இருக்குற ஆளுங்கள மாத்தி விட்டாப் போதும், ரயிலே வேணாம்" என்பார் மேயர்.

வளர்ச்சி என்ற அத்தியாயம் இன்னும் சுருக்கம். ரயிலில் நிற்காத மனிதன் சொந்தத் தெருவில் உட்கார்ந்து தே தண்ணி குடிப்பான். தே தண்ணிக் கடைக்குக் கூட ஒரு ஆள் தேவைப்படும். அந்த ஆளும் நடந்து வருவான், அவனும் தே தண்ணி குடிப்பான். நான் கொஞ்சம் படித்தவள் என்ற திமிரில் 'தே தண்ணி' வந்த இடத்தில் எல்லாம் 'உள்ளூர் நுகர்வு' என்று டைப் அடித்துக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை அத்தனையையும் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டு வந்தார்.

"நுகர்வுன்னா யாருக்குமா தெரியும்? தே தண்ணின்னு போடு."

அவருடைய கையெழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடும் லோரியில், ஸ்டியரிங் மேல் பேப்பரை வைத்து எழுதிப் பழகிய எழுத்து அது. 'க'வும் 'த'வும் 'சு'வும் ஒரே குடும்பம். சில வரிகளை அவராலேயே படிக்க முடியாமல், "நீயே பாத்து எதாச்சும் போடும்மா" என்று விட்டுவிடுவார். அவருடைய திட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது என் சொந்தக் கற்பனை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

தூரத்தை அவர் மைலிலோ கிலோமீட்டரிலோ சொல்ல மாட்டார். நிமிடம்தான் கணக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலில் கிளம்பி, கடை வாசலில் மறுபடி பார்த்து எழுதிக்கொள்வார். அந்த முழங்காலை இழுத்துக்கொண்டு நடக்கிற நடையில், கோயிலுக்கு இருபது நிமிடம், பாசாருக்குப் பதினேழு நிமிடம் என்று போட்டிருப்பார். மற்றவர்கள் அதைப் பாதி நேரத்தில் நடந்துவிட்டு வந்து கிண்டல் செய்வார்கள். அவர் ஒரு நிமிடத்தைக் கூட மாற்ற மாட்டார். "மேயர் நடக்குற டைம்தான் அபிஷல் டைம்" என்பார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் நிஜமாகவே கேட்டேன். விடிவதற்கு முன் கிளம்பி, பிள்ளைகள் தூங்கிய பிறகு திரும்பி வந்த காலத்தைச் சொன்னார். சின்ன மகள் ஒருமுறை பக்கத்து வீட்டில், "எங்க வீட்டுக்கு ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு அங்கிள் வருவாரு" என்று சொன்னாளாம். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அடுத்த பக்கத்தை நீட்டி, "இத ரெண்டு பக்கமும் அடி" என்றார்.

பேச்சோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். அவர் ஆளை மாற்றியே காட்டினார். குணா என்று ஒருவர், கிள்ளான்காரர், பிரிக்பீல்ட்ஸ் சேலைக் கடையில் விற்பனையாளர். செல்வம் என்று ஒருவர், பிரிக்பீல்ட்ஸ்காரர், கிள்ளானில் ஒரு கிடங்கில் சரக்குச் சரிபார்ப்பவர். இரண்டு பேரையும் ரயில் நிலையத்தில் தனித்தனியாகப் பிடித்துச் சம்மதிக்க வைத்துவிட்டார். செல்வம் வேலை பார்த்த கிடங்கின் மேற்பார்வையாளர் பழைய லோரி சிநேகிதர், அதனால் அங்கே சிரமமில்லை. சேலைக் கடை முதலாளி, அந்தத் தவுக்கேதான் சிரமம் என்று நினைத்தோம். அவரோ, பாத்தேக் சட்டையையும் கையில் இருந்த ஃபைலையும் பார்த்துவிட்டு யாரோ பெரிய அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்று பயந்துபோனார். நடைபாதையில் போட்டிருந்த துணி ஸ்டாண்டுகளை முதலில் உள்ளே இழுத்தார். பிறகு மேயர் சொன்ன எல்லாவற்றுக்கும், "போலே போலே, செஞ்சிரலாம் பாஸ்" என்று தலையாட்டினார்.

மூன்று நாள் சோதனை. முதல் நாள், கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு அம்மா சேலையைப் பிரித்துக் காட்டச் சொன்னார்.

"பிரிக்கக் கூடாது ஆன்டி, பேக்கிங் கெட்டுரும்" என்றார் செல்வம்.

"பிரிக்காம எப்படிப்பா முந்தானையப் பாக்குறது?"

"எண்ணிப் பாத்துட்டு இங்க ஒரு சைன் போடுங்க. மூணு காப்பி."

அந்த அம்மா பங்சாரில் வேறு கடை பார்க்கப் போய்விட்டார். அதே நேரம் கிள்ளானில் குணா, பெட்டிகளை நிறத்துக்கு நிறம் அடுக்கிக்கொண்டிருந்தார். கரும் நிறம் கீழே, வெளிர் நிறம் மேலே. பினாங்குக்குப் போக வேண்டிய பெட்டிகளும் ஜொகூருக்குப் போக வேண்டியவையும் ஒன்றாகக் கலந்து, பார்ப்பதற்குக் கொலு மாதிரி அழகாக இருந்தனவாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரிடம், "அண்ணே, இந்த டிசைன்ல வேற கலர் இருக்கா?" என்று வாய் தவறிக் கேட்டிருக்கிறார். நான்காம் நாள் இரண்டு பேரும் அவரவர் ரயிலைப் பிடித்துப் பழைய வேலைக்கே ஓடிவிட்டார்கள்.

மேயர் மனம் தளரவில்லை. சோதனை அறிக்கை என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அதில் கடைசி வரியை நான் இரண்டு முறை சரிபார்த்து டைப் செய்தேன். 'சோதனை வெற்றி. இருவரும் மூன்று நாளும் மத்தியானச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிட்டார்கள்.'

அந்தத் திட்டத்தின் பின்னிணைப்பில், எதிர் ஊருக்கு வேலைக்குப் போகிறவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் முதல் பெயர் என்னுடையது. வீடு கிள்ளான், வேலை பிரிக்பீல்ட்ஸ். வருடா வருடம் முதல் இடத்திலேயே இருந்தேன்.

"ஊரையே மாத்துறீங்க, என்னை மட்டும் ஏன் அண்ணே மாத்தல?"

"நீ போயிட்டா என் எழுத்த யாரு படிப்பா? என் ஆட்சியில நடக்குற ஒரே ஊழல் இதுதான்னு வெச்சுக்க."

நானும் சிரித்துக்கொண்டேன். அந்த ஊழலில் எனக்கும் பங்கு இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் முதலாளி கடையை மூடப் போவதாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. பாரங்கள் எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டன. நாள் முழுக்க நானும் மெஷினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாதக் கடைசியோடு சரி என்றார். எனக்கு நாற்பத்தொன்பது வயது. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. எத்தனையோ பேருக்கு வேலை விண்ணப்பம் டைப் செய்து கொடுத்தவள்தான். எனக்கென்று ஒன்று அடிக்க உட்கார்ந்தபோது, வயது என்ற இடத்திலேயே கை நின்றுவிட்டது.

சனிக்கிழமை மேயரிடம் சொன்னேன். "ம்" என்றார். மேசையை மடக்கினார், நட்டைப் பையில் போட்டார், போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மேயர் போட்டியிலிருந்து விலகிவிட்டார் என்று வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. பதினொரு வருடம் வேலை வேலை என்று ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசின மனிதர், கூட இருந்தவளுக்கு வேலை போனதும் கம்பி நீட்டிவிட்டார். நிஜ அரசியல்வாதிக்கு உண்டான எல்லாத் தகுதியும் இவருக்கு வந்துவிட்டது என்று குணாவிடம் சொல்லி வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டேன்.

கடையில் என் கடைசி வாரம். புதன்கிழமை மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு மேயர் உள்ளே வந்தார். பாத்தேக் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. ஒரு தாளை மேசை மேல் விரித்தார்.

கையால் வரைந்த வரைபடம். நடுவில் கிள்ளானில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி. அதைச் சுற்றி நாலா பக்கமும் கோடுகள். கோட்டு முனையில் ஒரு கடை, ஒரு கிளினிக், ஒரு மாவு மில், ஒரு வக்கீல் ஆபீஸ் என்று பத்து இடங்கள், எல்லாவற்றின் மேலும் பெருக்கல் குறி. பதினோராவது இடத்தில் மட்டும் வட்டம் போட்டிருந்தது. துறைமுகச் சரக்குகளுக்குத் தாள்கள் தயார் செய்யும் ஒரு சின்ன ஏஜென்ட் ஆபீஸ். பக்கத்தில், '14 நிமிடம்'.

"கிளார்க்கு வேணுமாம். நாளைக்கு வரச் சொன்னாங்க" என்றார்.

"என் வயசச் சொன்னீங்களா?"

"அதெல்லாம் கேட்டாங்க. டிரைவருங்க எழுதுற சரக்கு லிஸ்ட்டப் படிக்கத்தான் அவங்களுக்கு ஆள் இல்ல. நான் என் திட்டத்த, கையால எழுதினதையும் நீ டைப் அடிச்சதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். அங்க மேனேஜர் நம்ம தமிழ் அம்மாதான். என் எழுத்த அஞ்சு நிமிசம் பாத்தாங்க, திருப்பி வெச்சும் பாத்தாங்க. அப்புறம், 'இதப் படிச்சவங்கள ஒடனே அனுப்புங்க'ன்னாங்க."

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, பதினொரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, நான் கிள்ளான் ஓட்டு. நாளைக்கே இங்க தேர்தல் வந்தாலும் என்னால உங்களுக்குப் போட முடியாது."

"தெரியும். லிஸ்ட்ல மொத பேரே உன்னோடதுதான?" என்றார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, இடது காலை மெல்ல நீட்டிக்கொண்டார். "ஒரு தே தாரேக் சொல்லு லா. முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

வேலை கிடைத்தது. மகளும் படிப்பை முடித்துவிட்டாள். மத்தியானம் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறேன்.

மேயர் இன்னும் போட்டியில்தான் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை திட்டத்தின் புதிய பதிப்போடு கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்கு என்னைத் தேடி வருகிறார். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே டைப் அடிக்க ஆள் பிடிப்பதுதானே உங்கள் கொள்கை என்று கேட்டால், காது கேட்காத மாதிரி இருந்துவிடுகிறார். போன மாதப் பதிப்பில் புதிதாக ஒரு வரி இருந்தது. 'இதுவரை உருவாக்கிய வேலை: ஒன்று.'

வீட்டிலிருந்து ஆபீசுக்கு நான் சாதாரணமாக நடந்தால் எட்டு நிமிடம்தான் ஆகிறது. மீதி ஆறு நிமிடமும் அவருடைய முழங்கால். அந்தக் காலோடு என் வீட்டைச் சுற்றிப் பதினோரு வாசல் ஏறி இறங்கியிருக்கிறார். அதை நினைத்துக்கொள்கிற நாட்களில் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, மெதுவாக நடந்து, சரியாகப் பதினாலாவது நிமிடம் போய்ச் சேர்கிறேன்.