சலவைத்தூள் ரொட்டியும் எங்கள் வகுப்பும்

அன்பு மகளுக்கு,

அப்பா யாரிடமும் சொல்லி எழுத வைக்காமல், தன் கையாலேயே எழுதுவது. இந்த ஒரு வரிக்கே காப்பி ஆறிவிட்டது. இருந்தாலும் என்ன ஆனந்தம்! ஆனந்தம் இத்தோடு முடிந்தது.

பொய்ச்செய்தி பரவுவதை ஆராய்கிற நீ, "அப்பா, ரொட்டி விஷயத்துல பெரிய கும்பல் வேலை பார்த்திருக்கு. யாருமே ஃபார்வர்டு பண்ணலை, ஒவ்வொருத்தரும் தனித்தனியா டைப் பண்ணியிருக்காங்க. என்ன ஒரு கட்டுப்பாடு!" என்று போனில் வியந்தாயே, அந்தக் கும்பல் நான் எழுதப் படிக்கக் கற்கிற எங்கள் முதியோர் வகுப்புதானம்மா. பச்சைப் பலகை ரொட்டிக்கடையில் மாவு பொங்கச் சலவைத்தூள் போடுகிறார்கள் என்று வந்ததுதான் நானே எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த முதல் செய்தி. படித்துவிட்டேன் என்பது தெரிந்தது. என்ன படித்தேன் என்பது தெரியவில்லை. பெருமையாக வகுப்பில் காட்டினேன். டீச்சர் அன்று லீவு. "பார்த்து எழுதினாத்தான் கை பழகும்" என்று கூடப் படிக்கிற வாட்ச்மேன் சொல்ல, எல்லோரும் அதை ஒவ்வோர் எழுத்தாகப் போனில் தட்டி, தங்களுக்கும் எழுத வந்துவிட்டதென்று மகன், மருமகள், சம்பந்தி என அனுப்பிவிட்டார்கள். பச்சைப் பலகை உன் மாமா கடை என்பது, அவர் ஈ ஓட்டுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. "எவன் வயித்தெரிச்சலோ மச்சான், எழுதின கை விளங்குமா?" என்றார். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

புதுச் சட்டப்படி புகார் கொடுத்தால் அந்தச் செயலி நிறுவனம் செய்தியை நீக்கியாக வேண்டும் என்றாயே, கொடுத்தேன். விதிமீறல் இல்லையாம். 'ரொட்டியில் சலவைத்தூள் என்பது பொய்' என்று நானே எழுதினேன். அதைப் பொய்ச்செய்தி என்று நீக்கி, என் கணக்கையும் பூட்டிவிட்டார்கள். நீங்களாவது மறுப்பு எழுதுங்கள் என்று வகுப்பில் கெஞ்சினால், "அந்த வார்த்தையெல்லாம் பழகியாச்சுண்ணே, வேற புதுசா குடுங்க" என்கிறார்கள். மாமா இந்த மாதத்தோடு கடையை மூடுகிறார். அந்த நிறுவனத்தில் யாரிடமாவது பேசி, விதியை மாற்றச் சொல்லம்மா. உன் ஆராய்ச்சியில் கும்பல் என்றே இருக்கட்டும்.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இரு.

அப்பா

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் மாமா வந்தார். எழுதியது யார் என்று தெரிந்துவிட்டதாம். அடிக்கப்போகிறார் என்று பார்த்தால், கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க எழுத்துக்கு இவ்வளவு பவரா மச்சான்! எதிர்க்கடை கேக்குல சோப்பு கலக்கறான்னு ஒண்ணு போடுங்களேன்." என் கணக்குத்தான் பூட்டியிருக்கிறதே; வகுப்பில் கொடுத்தேன். புதுசு என்றதும் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நிறுவனத்தில் யாரிடமும் பேசிவிடாதே. விதிகள் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.