ஓரியன் நெபுலாவும் எஸ்தர் அக்காளின் வலது காலும்

பிள்ளைகளே, எங்கள் தெருவில் ஓர் அக்காளின் கால் ஒடிந்ததற்குக் காரணம் நான்தான். கூடவே ஒரு நெபுலாவும் உண்டு. ஆனால் அதன்மேல் தப்பில்லை.

நெபுலா என்றால் விண்வெளியில் இருக்கும் மாபெரும் மேகம். மழை மேகம் இல்லை. தூசியும் வாயுவும் சேர்ந்தது. அதற்குள் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. தை மாதம் இருட்டியதும் கிழக்கே பார்த்தால் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றை ஒட்டி மங்கலாக ஒரு பொட்டு. அதுதான் ஓரியன் நெபுலா.

நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்ப்பவன். படிப்பு பத்தாவதோடு சரி. அந்தப் பொட்டைப் படம் எடுத்தே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. கல்யாண வீட்டுப் போட்டோக்காரர் ஒருவரிடம் பழைய கேமரா வாங்கினேன். மீதியை போனில் வீடியோ பார்த்துக் கற்றேன். (முதல் நாள் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே நாற்பது படம் எடுத்தேன். "இருட்டு நல்லா தெளிவா வந்திருக்குங்க" என்றாள் என் மனைவி.)

பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்வதுபோலத் தெரியும். கேமராவும் கூடவே நகராவிட்டால் எல்லாம் கோடு கோடாக விழும். அதற்காக இரண்டு பலகைகளைக் கதவுக் கீலால் இணைத்து, ஒரு போல்ட் மாட்டினேன். மேல் பலகையில் கேமரா. படம் பதிவாகும் ஒரு நிமிடமும், அறுபது எண்ணி முடிப்பதற்குள் போல்ட்டை ஒரு சுற்று, ஒரே சீராகத் திருக வேண்டும். நடுவில் கையை எடுத்தாலும், மாடியில் காலை நகர்த்தினாலும் படம் போச்சு.

இன்னொரு தொல்லை, தெருவிளக்கு. அது எரிந்தால் வானம் வெளுத்துவிடும். எங்கள் தெருவின் எல்லா விளக்குக்கும் ஒரே ஸ்விட்ச்தான். அது என் வீட்டோரக் கம்பத்தில் இருந்தது. சாயங்காலம் போடுவதும் விடிந்ததும் அமர்த்துவதும் என் பொறுப்பு. யாரும் என்னை நியமிக்கவில்லை. என்னை நம்பினார்கள், அவ்வளவுதான்.

அன்று ஏழரை மணிக்கு, பத்தே நிமிடம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விளக்கை அமர்த்தினேன். காலையில்தான் தெருவோரச் சாக்கடையை, அதாவது வாறுகாலைத் தூர்வாரி, மேலே மூடியிருந்த கல்லை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் மாடியேறினேன்.

முதல் ஐந்து படங்களும் ஆடிப்போயின. ஆறாவது படம். முப்பத்தேழு, முப்பத்தெட்டு... கீழே தொப்பென்று ஒரு சத்தம். "ஐயோ, அம்மா!"

எதிர்வீட்டு எஸ்தர் அக்காளின் குரல். ஜெபக்கூட்டம் முடிந்து வந்தவர் வாறுகாலுக்குள் விழுந்திருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பத்தொன்பது, நாற்பது என்று எண்ணினேன். அறுபது வரைக்கும் எண்ணினேன்.

பிறகுதான் இறங்கினேன். இறங்கியதும் அக்காளிடமாவது போனேனா? முதலில் ஸ்விட்சைப் போட்டேன்.

"நீ வந்த, வெளிச்சம் வந்திருச்சு தம்பி. கர்த்தர் அனுப்புன ஆளு நீ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எலும்பு டாக்டரிடம் ஆட்டோவில் கொண்டுபோனோம். வலது கணுக்காலில் முறிவு. மூன்று மாதம் காலை ஊன்றக்கூடாது. அக்காளுக்கு மில்லில் எட்டு மணி நேரமும் நின்றே பார்க்கும் வேலை. டாக்டர் சுற்றிய துணி எங்கள் தறியில் நெய்ததாகக்கூட இருக்கலாம். "எங்கூடப் பெறக்காத தம்பி" என்று என்னை நர்சுக்கும் அறிமுகப்படுத்தினார் அக்காள். அந்த ஆறாவது படத்தை வீட்டில் பார்த்தேன். என் வாழ்நாளிலேயே அதுதான் சுத்தமான படம். ஒரு துளி அசைவில்லை.

விளக்கு தானாக அணைந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மூன்று நாளாக லைன்மேன் கம்பம் கம்பமாக ஏறி, இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருந்தார். நாலாம் நாள், அவர்மேல் புகார் எழுதத் தெருவே முடிவு செய்தது. என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். பேனாவோடு அக்காள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"எழுது தம்பி. 'பொறுப்பில்லாத ஆளால் என் பிழைப்பே போச்சு'ன்னு எழுது."

'பொறுப்பில்லாத' வரைக்கும் எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

"அக்கா, லைட்ட அமத்துனது நான்தான்."

"நீயா? எதுக்குல?"

"நட்சத்திரத்தப் படம் எடுக்க."

"கிறுக்குப் பய. சரி, விழுந்ததும் ஓடியாந்தியே, அது போதும்."

(இதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினால் அந்தப் பாராட்டையும் சேர்த்துத் திருடியவன் ஆவேன்.)

"உடனே வரலக்கா. முப்பத்தெட்டு எண்ணும்போது விழுந்தீக. அறுபது முடிச்சிட்டுத்தான் வந்தேன்."

அவர் முகம் மாறியது. "நான் அங்கன கெடந்து கத்துறேன், நீ எண்ணிக்கிட்டா இருந்த?"

"ஆமாக்கா."

"எந்திரிச்சுப் போ."

அன்றே லைன்மேனிடமும் தெருக்காரர்களிடமும் உண்மையைச் சொன்னேன். ஸ்விட்ச் வேலை வேறு வீட்டுக்குப் போனது. தினமும் காலையில் அக்காள் வாசலில் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு வந்தேன்; மனைவி சோறு கொண்டுபோனாள். அவளிடம் பேசுவார். என்னிடம் மூன்று மாதம் ஒரு வார்த்தை இல்லை.

மாவுக்கட்டு பிரித்த மறுநாள், குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன். "அந்தப் படத்தக் கொண்டா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பிரிண்ட் போட்டுவைத்திருந்ததைக் கொடுத்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார். இந்த வெளிச்சம் ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் கிளம்பியது, இதற்குள் நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்றெல்லாம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காலைத் தடவியபடி ஒரே வார்த்தை கேட்டார்.

"இதுக்கா?"

இப்போது எங்கள் வீட்டில் அதுதான் என் பட்டப்பெயர் மாதிரி. நான் தோசை சுட்டாலும், புதுச் சட்டை போட்டாலும், மகள் உதட்டைச் சுழித்து "இதுக்கா?" என்பாள். மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

அக்காள் மட்டும் அதை மறுபடி சொன்னதில்லை. மில்லுக்குப் போகிறார், லேசாக விந்தி நடக்கிறார். தெருவில் அந்தக் காலடி ஒருபக்கமாக இழுபடும் சத்தம் கேட்டால், கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவர் வீட்டுக்குள் போய்ச் சேரும்வரை நிற்கிறேன். தோசை கருகினால் கருகட்டும்.