பதினோரு கேட்ச் அப்

தெபானோ விரல்விட்டு எண்ணினான். பத்து விரலும் தீர்ந்தும் ஆள் தீரவில்லை. பதினோராவது ஆளுக்காகக் கட்டைவிரலை இரண்டாம் முறை மடக்கினான்.

ஆஸ்திரேலியாவில் கெயிண்டா என்ற சிற்றூரின் நூலகத்தில் புதன்கிழமை சாயங்காலம் ஆங்கில வகுப்பு. நடத்துபவள் மெர்ல். முப்பது வருடம் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவள். வாரம் ஒரு ஜோடிச் சொல்லைப் பலகையில் எழுதிப்போடுவாள். போன வாரம் 'கிவ் அப்'. இந்த வாரம் 'கேட்ச் அப்'.

"இன்னொரு தடவை சொல்லுங்க மெர்ல். யாராவது நம்மகிட்ட 'கேட்ச் அப் பண்ணுவோம்'னு சொன்னா என்ன அர்த்தம்?"

"சாவகாசமா உக்காந்து, பாக்காம விட்டுப்போன நாள் கதையெல்லாம் பேசுவோம்னு அர்த்தம். சின்னச் சொல்லுதான். உன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"அப்படிக் கேட்டவங்க வீட்டுக்கு நாம போகலேன்னா?"

"போகலேன்னா அவங்க கதை உனக்குத் தெரியாமப் போயிடும்," என்று மெர்ல் சிரித்தாள்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? கெயிண்டாவுக்கு அவன் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஹார்டுவேர் கடை வாரிக் இதைச் சொல்லியிருக்கிறார். மருந்துக்கடை நரெல் சொல்லியிருக்கிறாள். பஸ் ஓட்டும் கெவ், சர்ச் பாதிரியார், முடிவெட்டுபவர், இப்படிப் பதினோரு பேர். தெபானோ ஏதோ ஊர் வழக்கம் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு நடந்திருக்கிறான்.

அவன் பசிபிக் கடலின் கிரிபாஸ் தீவுக்காரன். அங்கே ஒருவர் வாய்விட்டுக் கேட்டால் மறுக்க முடியாது. அதற்குப் பெயர் புபுஸ். பாயைக் கேட்டால் பாய், படகைக் கேட்டால் படகு. முடியாது என்றவன் அப்புறம் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இங்கே பதினோரு பேர் கேட்டது, வந்து உட்காரச் சொல்லி மட்டும்தான். அதைக்கூடச் செய்யாமல் அவர்கள் கடையிலேயே சோப்பு வாங்கியிருக்கிறான்.

மானம் மட்டும் போவதாக இருந்தால் பரவாயில்லை. அவன் வேலை பார்க்கும் மாண்டரின் ஆரஞ்சு ஷெட்டில் சீசன் முடிய மூன்று வாரம் இருந்தது. பழம் அடுக்க வந்த ஏழு தீவுக்காரர்களில் மூன்று பேரைத்தான் அடுத்த ஏப்ரலில் திரும்பக் கூப்பிடுவார்கள். ஆளுக்கொரு மதிப்பீட்டு ஃபார்ம். அதை நிரப்புபவள் சூப்பர்வைசர் கிளெனிஸ். வேலை, ஒழுக்கம், நேரம் எல்லாவற்றுக்கும் அவனுக்கு டிக் விழுந்துவிட்டது. 'ஊரோடு ஒட்டிவிட்டாரா?' என்ற கடைசிக் கட்டம் மட்டும் காலி. கிளெனிஸே அதைக் காட்டி, "இது என் கையில இல்லப்பா, உன் கையிலதான் இருக்கு," என்று சொல்லியிருந்தாள். தீவில் அவன் படகு எஞ்சின் இல்லாமல் கவிழ்ந்து கிடக்கிறது. இன்னொரு சீசன் கிடைத்தால் எஞ்சின். இல்லாவிட்டால் சாகும்வரை துடுப்பு.

"பதினோரு பேரா?" அறைத்தோழன் பெதெரோ கட்டிலில் படுத்தபடியே கேட்டான். "சோத்தைத் தின்னுட்டுச் சும்மா கிடக்காம வகுப்புக்கு எதுக்குடா போற? எங்கிட்டயும்தான் சொன்னாங்க. புரியல. நிம்மதியா இருக்கேன்."

"உங்கிட்ட எத்தனை பேரு?"

"எண்ணலையே. அதான் நிம்மதிங்கறேன்."

"ஞாயித்துக்கிழமை வாரிக் வீட்டுக்குப் போறோம். ஏழு பேரும். ஒத்தையாப் போய் நின்னா சண்டைக்கு வந்திருக்கேன்னு நினைப்பாரு."

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு, தேய்த்த சட்டையும் எண்ணெய் தடவிய தலையுமாக ஏழு பேர் வாரிக் வீட்டு வாசலில் நின்றார்கள். கையில் ஆறு டின் மாட்டிறைச்சி, ஒரு பெட்டி மாண்டரின். வாரிக் கால்சட்டையும் காலுறையுமாகக் கதவைத் திறந்தார். உள்ளே டிவியில் ஃபுட்பால் கத்திக்கொண்டிருந்தது.

"யாருப்பா செத்துட்டாங்க?" என்றார்.

"யாரும் சாகல. கேட்ச் அப்."

"ஓ," என்றார் வாரிக். இரண்டாவது "ஓ" வர நேரமாயிற்று. "ஓ. சரி. வாங்க."

அவர் கொல்லையில் மூன்று மாண்டரின் மரங்கள் இருந்தன. அடியில் பழம் அழுகிக் கிடந்தது. கொண்டுபோன பெட்டியை அவர் மனைவி வாங்கி, வைக்க இடமில்லாமல், டிவி மேல் வைத்தாள்.

பேசினார்கள். மழை பற்றி, வாரிக்கின் மூட்டு பற்றி, மூட்டுக்கும் மழைக்கும் உள்ள உறவு பற்றி. ஒரு மணிநேரம் கழித்து வாரிக் இரண்டு கையாலும் தொடையில் தட்டி, "சரி, அப்போ!" என்றார்.

ஏழு பேரும் தங்கள் தொடையில் தட்டி, "சரி, அப்போ!" என்றார்கள். அது கிளம்பச் சொல்லும் சைகை என்று தெரியாமல் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பத்து நிமிடம் பொறுத்து வாரிக் இன்னும் ஓங்கித் தட்டினார். தீவில் உட்கார்ந்த இடத்திலேயே கைதட்டி ஆடும் ஆட்டம் உண்டு. அதைத்தான் மனிதர் கேட்கிறார் என்று பெதெரோ முடிவு செய்தான். தாளத்தைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தான். ஏழு குரல்கள் சேர்ந்ததும் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாம் பாட்டில் வாரிக்கின் மனைவியும் கைதட்டினாள். வாரிக் தட்டவில்லை. இனிமேல் தட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆறரைக்கு, வீட்டிலிருந்த சாசேஜ் எல்லாம் தீர்ந்தபின் கிளம்பினார்கள். கேட்டருகே வாரிக் கைகுலுக்கினார். முகத்தில் விடுதலை தெரிந்தது.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. மறுபடி கேட்ச் அப் பண்ணுவோம்."

"கண்டிப்பா வாங்க," என்றாள் மனைவி. "நாமளும் கேட்ச் அப் பண்ணணும்."

தெருவில் நின்று தெபானோ, பதினோரு பேரையும் எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்தான். முடிந்தது என்று அடித்திருந்த வாரிக் பெயரை மறுபடி எழுதினான். கீழே மனைவி பெயரைச் சேர்த்தான்.

"எவ்வளவு?" என்றான் பெதெரோ.

"பன்னெண்டு."

"காலையில பதினொண்ணு இருந்துச்சு. ஒண்ணு முடிச்சோம். பன்னெண்டா? இப்படியே போனா நம்ம பேரனுங்க வந்து உக்காரணும்டா இங்க."

செவ்வாய்க்கிழமை தெபானோ தனியாகப் போய் வாரிக் வீட்டில் பத்தே நிமிடம் உட்கார்ந்தான். சீக்கிரம் எழுந்தால் அந்தச் சொல் வராது என்பது கணக்கு. கேட்டருகே அந்தச் சொல் வந்துவிட்டது. பாதிரியார் வீட்டில் வந்தது. முடிவெட்டுபவர் வீட்டில் அவரும் சொன்னார், அவர் மாமியாரும் சொன்னாள்.

அடுத்த யோசனை, அவர்கள் வாயைத் திறக்கும் முன் ஓடிவிடுவது. மருந்துக்கடையில் இருமல் மருந்துக்குக் காசு கொடுத்தான். நரெல் நிமிர்ந்து புன்னகைத்ததுதான் தாமதம், கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். இரண்டு தெரு தாண்டி மூச்சு வாங்க நின்றபோது பின்னால் ஹாரன் அடித்தது. நரெல் கடையைப் பூட்டிவிட்டுக் காரிலேயே வந்துவிட்டாள்.

"மருந்த வச்சிட்டு ஓடறியே! இந்தா. உடம்பப் பாத்துக்கோ. அப்பறம் கேட்ச் அப் பண்ணுவோம்!"

பாட்டிலைப் பிடித்தபடி தெபானோ நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாம் வாரத்தில் ஊர் மாறியது. அவன் தெருமுனையில் திரும்பினால் டிவிகள் அணைந்தன. கார்கள் கொல்லைக்குப் போய் ஒளிந்தன. பாதிரியார் வீட்டு நாய் மட்டும் வாசலில் இருந்தது. அதையும் ஒரு கை வந்து உள்ளே இழுத்துக்கொண்டது. பாவம், எல்லோருக்கும் ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று தெபானோ வருத்தப்பட்டான். கஷ்டத்தில் இருப்பவர்களை விட்டுவிட்டுப் போகலாமா? வேலை முடிந்ததும் தினமும் இரண்டு வீடு என்று கதவைத் தட்டினான்.

வெள்ளிக்கிழமை நரெல் வீட்டில் தட்டினான். பதில் இல்லை. உள்ளே கெட்டில் விசில் அடித்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தான். சோபாவுக்குப் பின்னாலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

பதினைந்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது.

நரெல் என்னவென்று சொல்வாள்? பழம் அடுக்க வந்தவனுக்குப் பயந்து தரையில் படுத்திருந்தேன் என்றா? கண்ணை மூடிக்கொண்டு, ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோதும் மூச்சுக் காட்டாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் அடுத்த நாள் மத்தியானம்வரை வைத்து எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். ஒரு நோயும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் இன்னும் இரண்டு டெஸ்ட் எடுத்தார்கள்.

"நல்ல காரியம் பண்ணின, தம்பி," ஆம்புலன்ஸ்காரர் அவன் முதுகில் தட்டினார். "ஒருநாள் கேட்ச் அப் பண்ணுவோம்."

சீட்டில் இப்போது இருபத்திரண்டு.

திங்கட்கிழமை கிளெனிஸ் கூப்பிட்டனுப்பினாள். மேசைமேல் அவன் ஃபார்ம் இருந்தது. கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தது.

"நரெல் ஃபோன் பண்ணினா. வாரிக் பண்ணினார். பாதிரியார் பண்ணினார். கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கறது பாவமான்னு எங்கிட்டக் கேக்கறார் அந்த மனுஷன்."

"நான் மெதுவாத்தான் போறேன் கிளெனிஸ், தெரியும். இன்னிக்கு மூணு வீடு முடிச்சிடறேன்."

"வேண்டாம்!" கிளெனிஸ் எழுந்தே நின்றுவிட்டாள். கழுத்துவரை சிவந்தாள். ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து, உன்னை யாரும் கூப்பிடவே இல்லை என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வராது. "நீ... நீ ஒண்ணு பண்ணு. மெர்லைப் போய்ப் பாரு."

மெர்ல் முழுக்கதையையும் கேட்டாள். நடுவில் இரண்டு முறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அது அழைப்பு இல்லப்பா. கதவை மூடறப்ப கிறீச்சுங்குமே, அந்தச் சத்தம். போயிட்டு வாங்கறதுக்குப் பதிலா சொல்றது. யாரும் வரமாட்டாங்க, யாரும் எதிர்பாக்கவும் மாட்டாங்க."

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா மெர்ல்?"

"எழுபது வருஷமா நானும் சொல்லிட்டிருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்து நின்னதில்லையே! எனக்கெப்படித் தோணும்?"

மறுநாள் காலை, ஷெட்டுக்குப் போகும் வழியில் வாரிக் எதிரே வந்தார். ஓடலாமா என்று அவர் இடமும் வலமும் பார்த்தார். தெபானோ நிற்காமலே கையைத் தூக்கி, "கேட்ச் அப் பண்ணுவோம் வாரிக்!" என்றான். சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான்.

வாரிக் திரும்பி நின்று பார்த்தார். அவன் வரவில்லை. அன்று சாயங்காலமும் வரவில்லை.

அதன்பின் தெபானோவைப் பிடிக்க முடியவில்லை. கொடுக்காமலே கொடுத்த பெயர் கிடைக்கும் ஒரு சொல்! முடிவெட்டுபவரிடம் சொன்னான். ஆம்புலன்ஸ்காரரிடம் சொன்னான். மருந்துக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்தாமலே நரெலிடம் கத்தினான். பாதிரியாரின் நாயிடம்கூடச் சொன்னான். சீட்டைக் கிழித்து ஆற்றில் போட்டான். ஊரில் டிவிகள் மறுபடி கத்தின. கார்கள் வாசலுக்கு வந்தன.

கடைசி வாரம், வியாழக்கிழமை. ஷெட் வாசலில் கிளெனிஸ் அவனை நிறுத்தினாள்.

"சனிக்கிழமை மூணு மணிக்கு நம்ம வீட்டுக்கு வந்துடு. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கேட்ச் அப் பண்ணுவோம்."

என்ன கொண்டுவரட்டும் என்று கேட்க வாய் திறந்தான். நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கண்டிப்பா கிளெனிஸ்! வராம இருப்பேனா?" என்று ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு நடந்தான்.

பெதெரோ பின்னாலேயே வந்தான். "நாள், மணி எல்லாம் சொன்னாளேடா."

"அதெல்லாம் ஜோடனை. வகுப்புக்கு வந்திருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும்."

சனிக்கிழமை மூன்று மணிக்கு இருவரும் பாலத்துக்குக் கீழே தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கெளுத்தி கிடைத்தது. வானம் சுத்தமாக இருந்தது. இந்த ஊரில் எப்படி வாழ்வது என்று இப்போதுதான் பிடிபடுகிறது, அதற்குள் சீசன் முடிந்துவிட்டதே என்று தெபானோ பெருமூச்சு விட்டான்.

ஞாயிறு காலை பிரிஸ்பேன் போகும் பஸ் வந்தது. பைகளை ஏற்றிக்கொண்டிருந்த கெவ், தெபானோவின் பையை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து மூணு மணிக்கு எங்கய்யா போன?"

"மீன் பிடிக்க. ஏன்?"

"கிளெனிஸ் வீட்டுக் கொல்லையில நாப்பது பேர் உனக்காக நின்னோம். நரெல் கேக் போட்டிருந்தா. வாரிக் காலுறைக்கு மேல ஷூவே போட்டிருந்தார். உன் ஃபார்மை மேசையில வச்சு, நீ வந்ததும் எல்லார் முன்னாடியும் கடைசிக் கட்டத்தை நிரப்பறதா ஏற்பாடு."

தெபானோ பஸ் படியைப் பிடித்துக்கொண்டான். இன்னும் வாங்காத எஞ்சின் அவன் கண்ணெதிரே கடலுக்குள் இறங்கிப்போனது.

"அப்ப... கட்டம் காலியாவே போயிடுச்சா?"

"அஞ்சு மணி வரைக்கும் காலிதான். அப்பறம் உன்னைத் தேடிப் போன வாரிக் வந்து, நீ பாலத்தடியில தூண்டிலோட உக்காந்திருக்கேன்னு சொன்னார். 'கண்டிப்பா வரேன்னு சொல்லிட்டு மீன் பிடிக்கவா போயிட்டான்?'னு கேட்டா கிளெனிஸ். கேட்டுட்டுப் பேனாவை எடுத்து டிக் போட்டா: 'இதுக்கு மேல ஒருத்தன் இந்த ஊரோட எப்படிய்யா ஒட்ட முடியும்?'"