சாவு மைக்கில் ஒரு சர்க்கார் அறிவிப்பு

சில குரல் நல்ல சேதிக்கு ஆகாது. என் குரல் அப்படி.

மும்பை தாராவியில் நம்ம தமிழ் ஆட்கள் சந்துகளில் யாராவது இறந்தால், சைக்கிளில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப்போய்ச் சொல்வது நான்தான். "அன்பார்ந்த பொதுமக்களே" என்பேன். கொஞ்சம் நிறுத்துவேன். அந்த இடைவெளியில் ஆட்கள் கதவைத் திறந்து சந்துக்கு வந்து நிற்பார்கள். பிறகுதான் பேரைச் சொல்வேன். செத்தவர் பேரை வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்பது மரியாதை இல்லை. எங்கள் பழக்கம் அது.

கொரோனா லாக்டவுன் வந்தது. இந்தியிலும் மராத்தியிலும் சொன்னது எங்கள் பெரிசுகள் காதில் ஏறவில்லை. வார்டு ஆபீஸ் அதிகாரி ஒருவர் (இங்கே 'சாப்' என்போம்), மைக் செட் வைத்திருக்கும் தமிழன் யாரென்று விசாரித்து என்னிடம் வந்தார். சரி என்றேன். (யோசிக்க வேண்டாமா? சர்க்காரே வீடு தேடி வந்த மிதப்பு.)

நடுப்பகல். சந்தில் ஒரு ஆள் இல்லை. தையல் மிஷின் சத்தம் இல்லை. பிளீச்சிங் பவுடர் வாடை மட்டும். என் செருப்புச் சத்தமே யாரோ பின்னால் வருவதுபோல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சாப்தான். பிளாஸ்டிக் கோட்டுக்குள் கண் மட்டும் தெரிந்தது. அது ஒன்றும் ஆறுதலாக இல்லை.

"அன்பார்ந்த பொதுமக்களே."

பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டேன்.

கதவுகள் திறந்தன. ஒரு பேச்சில்லாமல் ஆட்கள் வந்தார்கள். வாசல்களில், இரும்பு ஏணிகளில். எல்லா மூஞ்சியிலும் துணி. எல்லாக் கண்ணும் என்மேல்.

"யாரும் வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம்" என்றேன். எனக்குத் தெரிந்தது ஒரே ராகம். அதில்தான் வந்தது. மாடியில் நின்றவர்களும் இறங்கிவிட்டார்கள்.

சாப் இந்தியில் சீறினார். "அரே பாபா, உள்ளே போகச் சொல்லத்தானே கூட்டிவந்தேன்? என்னத்தைச் சொல்லித் தொலைச்சே?"

கூட்டத்திலிருந்து இசக்கியம்மா வந்தாள். அவள் புருஷன், தோல் பட்டறை செல்வராசுவை, இருமல் என்று ஆம்புலன்சில் கொண்டுபோயிருந்தார்கள். போனதிலிருந்து அவன் போன் ஆஃப்.

"அண்ணாச்சி, சொல்லிருங்க. எங்க வீட்டு அவியளா?"

"இல்லம்மா. கை கழுவச் சொல்லுதேன்."

"மறைக்காதிய. நீங்க வேற எதுக்கு வருவிய?"

நியாயமான கேள்வி.

அவள் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். துணி மூடியதால் வாய் அசைவது தெரியவில்லை. அழுகை சுவரிலிருந்து வருவதுபோல் வந்தது. நான் பதறிப்போய் மைக்கில், "யாரும் சாகவில்லை, யாரும் சாகவில்லை" என்றேன். (அதே ராகம்.) அழுகை கூடியது.

நிஜமாகவே அவன் போயிருந்தால்? எனக்கே சந்தேகம் வந்தது.

சாப் எங்கெங்கோ போன் போட்டார். கடைசியில், நோயாளிகளோடு அவனைத் தனியாக வைத்திருந்த பள்ளிக்கூடத்து நர்ஸ் கிடைத்து, அவனைக் கூப்பிடப் போனாள். நான் போனை வாங்கி இசக்கியிடம் நீட்டினேன். "தொடக்கூடாது!" என்று சாப் கத்தினார். அதனால் போனை மைக்குக்கு நேராகப் பிடித்தேன்.

குழாய் கரகரத்தது. ஒரு இருமல். பிறகு சந்து முழுக்க செல்வராசு குரல்.

"ஏட்டி... எதுக்கு அழுத? நான் இங்கதான இருக்கேன்."

ஒப்பாரி அறுந்தது. இத்தனை நாள் செத்தவர் பேரைச் சொன்ன குழாயில், செத்தவனே பேசுகிறான். முதலில் ஏணியில் நின்ற ஒருவர் ஓடினார். அப்புறம் எல்லாரும். படபடவென்று கதவுகள், தாழ்ப்பாள்கள். சந்தில் மிஞ்சியது மூன்றே பேர்.

இசக்கி ஓடவில்லை. குழாயை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "சாப்பிட்டியளா?"

"கிச்சடி. உப்பே இல்ல. என் சார்ஜரைக் குடுத்துவிடு."

அப்போதுதான் நம்பினாள். சாப்பாட்டில் குறை சொல்கிறார் என்றால் உயிரோடுதான் இருக்கிறார்.

மூடிய கதவுகளை சாப் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நாளைக்கு நீ பேசாதே. அவனைப் பேசச் சொல்லு" என்றார்.

சார்ஜர் போய்ச் சேர்ந்ததும், செல்வராசு கட்டிலில் இருந்தபடியே "வெளிய வராதிய" என்று போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினான். லாக்டவுன் முடியும்வரை அதைத்தான் போட்டேன். ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

அவன் நல்லபடியாக வீடு திரும்பினான். ஆனால் இன்றைக்கும், விளையாடப்போன பிள்ளைகளைக் கூப்பிட நான் வாசலில் நின்று வாயெடுத்தால், என் பெண்டாட்டி ஓடிவந்து தடுப்பாள்.

"நீரு கூப்பிட்டா தெருவே அழுதுகிட்டு வரும். சும்மா இரும்."

சும்மா இருக்கிறேன்.