ரசமட்டம் மேஸ்திரியும் எங்கள் கொல்லைப்புறப் புல்லும்

உத்திரமேரூர் தாலுகாவில் எங்கே எது கோணலாக இருந்தாலும் அன்றைக்கு ரசமட்டம் மேஸ்திரிக்குத் தூக்கம் போய்விடும். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ரசமட்டம் என்பது தரை சமமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கிற கட்டை. நடுவில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி நீந்தும். மற்ற மேஸ்திரிகள் அதை வேலைக்கு எடுத்துப் போவார்கள். இவர் கல்யாணத்துக்கும் எடுத்துப் போவார்.

ஒரு பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாம்பார் விட்டார்கள். அது அவர் பக்கமாக ஓடியது. மனிதர் சோற்றைத் தொடவில்லை. மேஜைமேல் கட்டையை வைத்துப் பார்த்து, வரிசையில் இருந்த எட்டுப் பேரையும் எழுப்பி, மேஜைக் காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்த பிறகுதான் சாப்பிட்டார். அதற்குள் எங்கள் வடையெல்லாம் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும் இதே கூத்துதான். காபி வருவதற்குள் கூடத்துத் தரையில் குனிந்துவிட்டார். "பையன் தங்கம். தரைதான் வாசப்பக்கம் அரை இன்ச்சு எறக்கமா கீது" என்று சம்பந்தியின் முகத்துக்கு நேரே சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் தரையை அவரே பெயர்த்துப் புதிதாகப் போட்டும் கொடுத்தார். குளியலறை, மொட்டைமாடி என்று தண்ணீர் ஓட வாட்டம், அதாவது சரிவு, வைக்க வேண்டிய வேலைகளுக்கெல்லாம் மச்சானை அனுப்பிவிட்டு, தான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் போய் மாட்டினேன்.

என் மனைவி மல்லிகா பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியவள். அவள் மட்டையை ஓங்கினால் எதிரே நிற்பவர்கள் கும்பிட்டுவிட்டு ஒதுங்குவார்களாம், அவளே சொன்னது. கல்யாணத்துக்குப் பிறகு முப்பது வருஷம் மட்டையைத் தொடவில்லை. ஏன் என்று நானும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. போன வருஷம் அவளோடு ஆடிய மூன்று பேர் வாட்ஸப்பில் கிடைத்தார்கள். காணும் பொங்கலன்று நால்வரும் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆடுவது என்று முடிவாயிற்று. அதில் ஒருத்தி மறுநாளே மகனோடு புனேவுக்குக் குடி போகிறாள் என்பதால் தேதியைத் தள்ளிப்போட வழியில்லை.

"கல்லும் முள்ளுமா கீற தரையில இந்த வயசுல வுயுந்தா எலும்பு தேறாது. செயற்கைப் புல்லு போட்டுடலாம்" என்றாள் மல்லிகா. சரி என்றேன்.

புல் விரிக்கிறவர்கள் செங்கல்பட்டுக்காரர்கள். அடியில் சிமெண்டுத் தளத்தை நாங்கள் போட்டு வைக்க வேண்டும், மழைத்தண்ணீர் ஓட ஒரு பக்கமாக மூன்று அங்குலம் வாட்டம் வேண்டும் என்றார்கள். அவர் மச்சான் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போயிருந்ததால் மேஸ்திரியே வந்தார். வாட்டத்தைப் பற்றிச் சொன்னேன். காது கேட்காதவர் போல வெற்றிலையை மென்றார்.

தளம் முடிந்து காய்ந்ததும் ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கொல்லையில் ஓர் ஏரி. நடவுக்கு முன்னால் கழனியில் தண்ணீர் கட்டி மேடு பள்ளம் பார்ப்பார்களே, அதே போலத் தளத்தைச் சுற்றிக் களிமண் வரப்புப் போட்டு, மோட்டாரை ஓடவிட்டிருந்தார். இரண்டு கொக்கு வேறு வந்து இறங்கியிருந்தன.

"பாத்துக்க சார். இந்த மூலையிலயும் ஒரு இன்ச்சு, அந்த மூலையிலயும் ஒரு இன்ச்சு. ஒரு நூல் வித்தியாசம் கீதா?"

"வாட்டம் எங்கே மேஸ்திரி?"

"நாப்பது வருஷமா கோணையா கீறத நேராக்கிக்கினு கீறேன். என் கையாலயே கோணையா போடச் சொல்றியே, நாயமா?"

மத்தியானம் புல் சுருள்களோடு வந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஏரியில நாங்க புல்லு போடறதில்ல சார்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்கள். காணும் பொங்கலுக்குப் பத்தே நாள். மல்லிகா புதிதாக வாங்கிய மட்டையைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். நான் மேஸ்திரியைத் திட்டித் தீர்த்தேன். அவர் கண்ணோ கொல்லைக் கதவு வழியே பரண் பக்கம் போயிருந்தது.

"அந்தம்மா இன்னாத்துக்கு மட்டைய மேல வெக்குது? புள்ளைங்க ஆடறதுக்கு இல்லியா?"

முப்பது வருஷக் கதையையும் புனே பயணத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா சார்?" என்று போய் வரப்பை வெட்டிவிட்டார். அப்போதும் பாதித் தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. அவ்வளவு மட்டம்!

மறுநாள் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு மேல்பூச்சுப் பூசி வாட்டம் வைத்தார். தளம் இறுகியதும் செங்கல்பட்டுக்காரர்கள் வந்து புல்லை விரித்து ஒட்டினார்கள். போகியன்று பெய்த மழை சொட்டு மிச்சமில்லாமல் ஓடிவிட்டது.

காணும் பொங்கலன்று தெருவே மதில்மேல் இருந்தது. பந்து கோட்டுக்கு உள்ளே விழுகிறதா, வெளியே விழுகிறதா என்று பார்க்க மேஸ்திரியை விட்டால் யார்? மூலையில் குந்தினார். ஆட்டம் சமமாகவே போய்க் கடைசிப் புள்ளிக்கு வந்து நின்றது. மல்லிகா ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து வெளியே விழுந்ததை நான் பார்த்தேன்.

"உள்ள!" என்று கையைத் தூக்கினார் மேஸ்திரி.

"இன்னா மேஸ்திரி, கண்ணு தெரியலியா?" என்றாள் புனேக்காரி.

"நூல் பிசகாம உள்ள தாயி."

அவர் வாக்குக்கு அப்பீல் உண்டா? மல்லிகா கத்திக்கொண்டே ஓடிப் போய் மூன்று பேரையும் கட்டிக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கேட்டேன். "பந்து வெளியதானே மேஸ்திரி?"

"ஒரு சாண் வெளிய சார்" என்றார், வெட்கத்தோடு. "முப்பது வருஷம் கயிச்சு அடிச்சிக்கீது. அத்தப் போயி வெளியன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?"

முப்பது வருஷமாக எனக்குத் தோன்றாதது அந்த மனிதருக்கு ஒரு நொடியில் தோன்றியிருக்கிறது. அன்றிலிருந்து அவர் என் வீட்டு மேஜையை எத்தனை தடவை எழுப்பி உட்கார வைத்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.